பேராசிரியர் போட்ட ஜாமீன் கையெழுத்து

வெறும் வாட்ஸ்அப் வதந்தி என்றால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். அதோடு ஒரு பேராசிரியர் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் சிக்கல். "அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டி புரொபசரே சொல்றார், உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டால் நம்மில் பலருக்கு வாயடைத்துப் போகும். தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் விஷயத்தில் ஒரு அரசாங்கமே அப்படிப் பெரிய பெயர்களை நம்பி உட்கார்ந்தது.

பீட்டர் டூஸ்பெர்க் போலி டாக்டர் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் பேராசிரியராக இருந்தவர். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸில் அதற்குக் காரணமான மரபணுவை 1970 வாக்கில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர். 1986இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். மறு வருடமே கட்டுரை எழுதினார்: எச்.ஐ.வி. சும்மா இருக்கும் வைரஸ், எய்ட்ஸுக்கு அது காரணமில்லை. போதைப்பொருள், சத்துக்குறைவு, பின்னாளில் எய்ட்ஸுக்குத் தரும் மருந்து, இவைதான் ஆளைக் கொல்கின்றன என்று வாதாடிக்கொண்டே இருந்தார்.

1987இல் அவர் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்லமாட்டேன். இவ்வளவு குறைந்த செல்களில் மட்டும் தென்படுகிற வைரஸ் எப்படி எதிர்ப்புச் சக்தியையே அழிக்கும்? தொற்றிய பிறகு நோய் வர ஏன் இத்தனை வருடம்? நியாயமான கேள்விகள். ஆனால் பதில்கள் வந்துவிட்டனவே. உடம்புக்குள் தினமும் கோடிக்கணக்கில் வைரஸ் பெருகுவதும் அழிவதும் 1995இல் தெரிந்தது. அதே வருடம் பிரிட்டனில் இரத்தம் உறையாத நோய் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. எல்லோருக்கும் ஒரே நோய், ஒரே மாதிரி சிகிச்சை, எச்.ஐ.வி. தொற்றியவர்கள் மட்டும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். 1996இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததும் அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் ஒரே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகின. மருந்துதான் கொல்கிறது என்றால் இது எப்படி நடக்கும்? அவர் அசையவில்லை. அந்த 1996இல்தான் தன் வாதத்தைத் தடித்த புத்தகமாகவே போட்டார்.

அதற்கு முன்னுரை எழுதியவர் கேரி முல்லிஸ். கொரோனா காலத்தில் நாமெல்லாம் மூக்கை நீட்டிக் கொடுத்த பி.சி.ஆர். பரிசோதனைக்கு அடிப்படையான முறையைக் கண்டுபிடித்து 1993இல் வேதியியல் நோபல் வாங்கியவர். எய்ட்ஸ் ஆராய்ச்சியாளர் இல்லை. (மனிதர் ஜோசியத்தையும் நம்பினார், அது தனிக்கதை.)

அப்புறம் தாபோ எம்பெக்கி வருகிறார். அப்போதைய தென்னாப்பிரிக்க அதிபர், நன்றாகப் படித்தவர். 2000ஆம் ஆண்டு எய்ட்ஸ் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, டூஸ்பெர்க்கையும் அவர் பக்கம் பேசுகிறவர்களையும் மற்ற விஞ்ஞானிகளோடு சரிசமமாக உட்கார வைத்தார். முந்தைய காலமாக இருந்தால் இந்த மாற்றுக் கருத்துக்காரர்களைக் கட்டிவைத்து எரித்திருப்பார்கள் என்ற தொனியில் உலகத் தலைவர்களுக்குக் கடிதமும் எழுதினார். அந்த ஜூலையில் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டையொட்டி 5000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் 'எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தான்' என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். எம்பெக்கி மசியவில்லை. அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெவிரபின் என்று ஒரு மருந்து. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளை, பிறந்த பிள்ளைக்கு ஒரு வேளை கொடுத்தாலே, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும். தயாரித்த நிறுவனம் அதை ஐந்து வருடத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசு அதை மாகாணத்துக்கு இரண்டு இடம் என்று சுருக்கி வைத்தது. நோயாளிகளின் இயக்கம் வழக்குப் போட்டு, 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. 2000 முதல் 2005 வரை இதையும் மற்ற எய்ட்ஸ் மருந்துகளையும் முடக்கியதில் 3,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள், 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

முடிவெடுத்தது எம்பெக்கிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊரில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைக் கடன் மூழ்கினால் விடமாட்டார்கள். தன் பெயரையும் பதவியையும் ஜாமீனாக வைத்த பேராசிரியரிடம் மட்டும் யாரும் வசூலுக்குப் போவதில்லை. 'நான் கேள்விதானே கேட்டேன்' என்பார்.

டூஸ்பெர்க் அதைக்கூடச் சொல்லவில்லை. அத்தனை பேர் செத்ததற்கு ஆதாரமே இல்லை என்று 2009இல் வேறு சிலரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். சக விஞ்ஞானிகளின் மதிப்பீடு இல்லாமலே வெளியிடும் ஒரு இதழில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பதிப்பகமே திரும்பப் பெற்றது. பெர்க்லி விசாரணை நடத்தி, நடவடிக்கை ஏதும் இல்லாமல் 2010இல் முடித்துக்கொண்டது.

அது சரிதான் என்பேன். கருத்துக்காக வேலையைப் பறிக்க ஆரம்பித்தால், நாளைக்கு அரசாங்கத்துக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்பவருக்கும் அதே கதிதான். அவர் வேலையில் நீடித்தது சரி. ஆனால் கோழி வைரஸில் சம்பாதித்த மரியாதையை எய்ட்ஸ் பேச்சுக்கும் சேர்த்துக் கொடுக்க நாம் எந்தச் சட்டத்திலும் கடமைப்பட்டிருக்கவில்லை. 1987இல் கேட்ட கேள்வியை 2009இலும் பதிலே வராதது போலக் கேட்பவரை எந்த ஊரிலும் துணிச்சலான ஆராய்ச்சியாளர் என்று சொல்ல முடியாது. 'புரொபசரே சொல்லிட்டார்' என்று கமெண்டில் லிங்க் போடுகிறவர்கள், அவர் அதை எந்த வருடம் சொன்னார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.