அசையாத புருவம்

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் குடும்ப விழாவில், பிறர் மனத்தைப் படிப்பதாகக் காட்டும் மேஜிக்கான மெண்டலிசம் நிகழ்ச்சியை முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் பெட்டியில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கு வந்த மனிதவளத் துறை அதிகாரி, அடுத்த வாரம் நடக்கவிருக்கும் நேர்காணல்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து யார் யார் பொய் சொல்கிறார்கள் என்று மட்டும் குறித்துக் கொடுக்க முடியுமா, அதற்குத் தனியாகப் பணம் தந்துவிடுகிறோம் என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான், அவருடன் பணியாற்றும் ஒருவர் மனத்தில் நினைத்திருந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் பெயரை நான் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தேன். "முதல் எழுத்தை நான் உச்சரித்தபோது உங்கள் இடது புருவம் லேசாக அசைந்தது" என்று விளக்கமும் கொடுத்திருந்தேன்.

புருவம் அசையவே இல்லை. அசைந்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். அந்த ஊழியர் ஆசிரியையின் பெயரை எழுதி மடித்த துண்டுச்சீட்டு என் கைக்கு வந்து போன இரண்டு விநாடியிலேயே வேலை முடிந்துவிட்டது. மீதி ஏழு நிமிடமும் நடிப்பு. சீட்டை எப்படிப் பார்த்தேன் என்பதைத் தொழில் தர்மம் கருதிச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்தது சீட்டைத்தான் என்பதையாவது சொல்லிவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

முன்பெல்லாம் இதே வித்தையைச் செய்தவர்கள் ஆவி என்றார்கள், யோக சக்தி என்றார்கள். கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் சாமியார்களுக்கு விடுத்த ஒரு லட்சம் ரூபாய்ச் சவாலில், உறையிலிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துக் காட்டுவதும் ஒன்று. எங்கள் மேடைகளில் இன்றைக்கும் கைதட்டல் வாங்கும் அயிட்டம் அது. அந்தப் பணத்தை ஒருவரும் வாங்காமலேயே 1978-இல் கோவூர் காலமானார். இன்று மேடையில் சக்தி என்று சொன்னால் கூட்டம் சிரித்துவிடும் என்பதால், அந்த இடத்தில் உளவியல், பாடி லாங்வேஜ், பேச்சால் மனத்தை மாற்றலாம் என்று சொல்லும் என்.எல்.பி. என்ற சொற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். சக்தியை நம்பாதவரும் இதை நம்பிவிடுகிறார், அறிவியல் போல ஒலிப்பதாலேயே நம்பிவிடுகிறார் என்பதால், பழைய பொய்யைவிட இந்தப் புதிய பொய்தான் மோசமானது என்பது என் கருத்து.

எங்கள் நிகழ்ச்சியில் உளவியலே கிடையாதா என்றால், கொஞ்சம் உண்டு. ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஈரிலக்க எண் ஒன்றை நினையுங்கள், இரண்டு இலக்கங்களும் ஒற்றைப்படையாக இருக்கட்டும், ஆனால் ஒரே இலக்கமாக வேண்டாம், 15 மாதிரி, என்று வேகமாகச் சொல்வோம். ஐம்பது எண்களிலிருந்து தேர்ந்தெடுத்ததாகவே பார்வையாளர் நினைப்பார். உண்மையில் அவருக்கு மிஞ்சுவது எட்டு எண்கள். அவற்றிலும் 15-ஐ நாங்களே சொல்லிக் கெடுத்துவிடுவதால் ஏழு. அந்த ஏழில் பெரும்பாலோர் போய் நிற்கும் இடம் 37. முந்நூறு பேர் கூடிய அரங்கில் அந்த எண்ணை அறிவித்தால் எழும் ஆரவாரத்தில், 19-ஐ நினைத்தவர் தான்தான் ஏதோ பிசகிவிட்டோம் என்று எண்ணி வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த பார்வையாளர் அவர்தான், பாவம்.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து திரட்டிய ஒரே பலனை அனைவருக்கும் தனித்தனியே கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி, ஐந்துக்கு 4.26. எங்கள் தொழிலில் உள்ள உளவியல் இந்த வகையைச் சேர்ந்தது. பார்ப்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தை அது அறியும். பொய்யரைப் பிடிக்க உதவாது. பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள் என்று, ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது கிடைக்கும்.

இது பொழுதுபோக்குதானே, நாவலாசிரியர் பொய் சொல்வதில்லையா என்று சக கலைஞர்கள் கேட்கிறார்கள். நாவலைப் படித்துவிட்டு யாரும் ஒருவருக்கு வேலை இல்லை என்று முடிவு செய்வதில்லை. பிரிட்டனின் புகழ்பெற்ற மெண்டலிசக் கலைஞர் டெரன் பிரவுன் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் 2009-இல் பிரிட்டன் லாட்டரி எண்களைச் சொல்லிவிட்டு, 24 பேரின் ஊகங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தேன் என்று அவர் விளக்கம் தந்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. வித்தை அற்புதம், விளக்கம்தான் கோளாறு.

இது வெறும் மேஜிக்தான் என்று மேடையில் அறிவிப்புச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், வித்தை காட்டியவரை மேஜிக் நிபுணர் என்றே அறிமுகப்படுத்திய வகுப்பிலும் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் அவருக்கு அதீத சக்தி இருப்பதாக நம்பினார்கள். ஆகவே நான் அறிவிப்போடு நிற்காமல், புருவம், கண், மூச்சு என்ற வசனங்களையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். கைதட்டல் சற்றுக் குறைந்திருக்கிறது.

அந்த மனிதவள அதிகாரியிடமும் அன்றே, சார், அது துண்டுச்சீட்டைப் பார்த்துச் செய்த வித்தை, எனக்கு முகம் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் தட்டி, "தொழில் ரகசியத்தை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது" என்று சொல்லிவிட்டு, தம் விசிட்டிங் கார்டை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார்.