ரேகை வைத்தவன் எப்போது கையெழுத்துப் போட்டான்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேம் விளையாடுகிற ஆள் இல்லை. துப்பாக்கி, கார் ரேஸ், கிரிக்கெட் எதுவும் கைக்கு வராது. வேலூரில் பத்திரம் எழுதுகிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பகல் முழுக்க அடுத்தவர் வீட்டு மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டுகிறவனுக்கு, ராத்திரியும் உட்கார்ந்து படிப்பதற்கென்றே விளையாட்டுகள் இருக்கின்றன என்று போன மே மாதம்தான் தெரிந்தது.

அக்கா பையன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். வெளியே அக்னி நட்சத்திரம், வாசலில் கால் வைக்க முடியாது. "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும். சுடுறது கிடையாது, படிக்கிறதும் யோசிக்கிறதும்தான்" என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 2018ல் லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1803ல் காணாமல் போய், 1807ல் ஆளில்லாமல் கரைக்குத் திரும்பி வருகிறது. நாம் கம்பெனி அனுப்பிய இன்சூரன்ஸ் ஆள். கப்பலில் இருந்த அறுபது பேரில் யார் யார், யாருக்கு என்ன ஆனது என்று ஒரு பதிவேட்டில் நிரப்பவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த 1803க்கும் 1807க்கும் நடுவில், 1806 ஜூலை 10 அன்று அதே கம்பெனிக்கு நம் கோட்டையில் என்ன நடந்தது என்று வேலூர்க்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கம்பெனிக்கே கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஆளாக இரண்டு வாரம் உழைத்ததில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஆனால் விடமுடியவில்லை. ஏனென்றால் அது என் வேலை. கப்பலில் ஆட்கள் படுக்கிற தொங்கு தொட்டிலில் ஒரு எண் எழுதியிருக்கிறது. ஆள் பட்டியலிலும் வரிசை எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார் என்று எவரும் சொல்வதில்லை. எண்ணைப் பார்த்ததும் எனக்கு சர்வே நம்பர் ஞாபகம் வந்தது, பட்டியலைத் திருப்பினேன், நாலைந்து பேர் யாரென்று ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது. பையன் வாயைப் பிளந்தான். அவனுக்கு அந்த இடம் பிடிபட மூன்று நாள் ஆனதாம். (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.)

அதற்கப்புறம் இந்த ஜாதி விளையாட்டுகளாகத் தேடித் தேடி விளையாடினேன். பாதிக்கு மேல் குப்பை. செல்போனில் 'துப்பறியும் கேம்' என்று வருகிறவை பெரும்பாலும் இப்படி: ஒரு பக்கம் கதை, கீழே "பொய் சொல்வது யார்?" என்று கேட்டு நான்கு பெயர். தப்பாகத் தொட்டால் சிவப்பு, மறுபடி தொடு, பச்சை, சபாஷ். இது துப்பறிதல் இல்லை, குரூப் ஃபோர் பரீட்சை. நான்கு பெயர் கொடுப்பதைக்கூட மன்னிப்பேன். ஓப்ரா டின்னிலும் பட்டியலிலிருந்துதான் பெயரை எடுக்கவேண்டும். என் சண்டை கேள்வியோடு. "பொய் சொல்வது யார்?" என்று கேட்டுவிட்டாலே, இங்கே ஒரு பொய் இருக்கிறது என்று எனக்குச் சொல்லியாகிவிட்டது. நிஜத்தில் எந்தப் பத்திரம் "என்னில் ஒரு பொய் இருக்கிறது, கண்டுபிடி" என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருகிறது? கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. விடை மீதிக் கால்வாசி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த கேமும் இல்லை, என் மானம் போன ஒரு சம்பவம்.

2004 வாக்கில், தொழிலுக்கு வந்து இரண்டாவது வருஷம். அணைக்கட்டு பக்கம் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் புஞ்சை வாங்க ஒரு பார்ட்டி வந்தார். பேப்பரை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார் பெரியவர், அதாவது நான் யாரிடம் தொழில் கற்றேனோ அவர். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். 1958ல் 'கோவிந்தசாமி மகன் முனிசாமி' கிரயம் வாங்குகிறார். 2001ல் 'கோவிந்தசாமி மகன் முனிசாமி' விற்கிறார். அதை வாங்கியவர் இப்போது நம் பார்ட்டிக்கு விற்கிறார். சர்வே நம்பர் அதே, எல்லைகள் அதே, வில்லங்கச் சான்றில் நடுவில் ஒரு பதிவும் இல்லை. வாங்கியவரே விற்றிருக்கிறார், இதில் பார்க்க என்ன இருக்கிறது? "க்ளீன் சார்" என்று பார்ட்டியிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் அன்று சாயங்காலமே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பெரியவர் பேப்பரை ஒரு முறை புரட்டினார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ரேகை வெச்சவன் எப்பப்பா கையெழுத்து கத்துக்கினான்?"

1958 பத்திரத்தில் முனிசாமியின் இடது கைப் பெருவிரல் ரேகை. 2001ல் முனிசாமி நல்ல தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானும் விடவில்லை. "அறிவொளியில கத்துக்கினு இருக்கலாம் ஐயா" என்றேன். நம் பக்கம் 90களில் அறிவொளி இயக்கம் ஜோராக நடந்தது, ரேகை வைத்த எத்தனையோ பேர் கையெழுத்துக்கு வந்தார்கள், வாதம் தப்பில்லை. அவர் சிரித்தார். "இருக்கலாம். போய்ப் பாரு" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடையைச் சொல்லவில்லை.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தேன். 2001 பத்திரத்தில் விற்பவரின் வயது எழுதியிருந்தது. 39. ஆக அவர் பிறந்தது 1962 வாக்கில். பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே நிலம் வாங்கியிருக்கிறார்!

முடிச்சு பெயரில்தான். நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. கோவிந்தசாமிக்கு மகன் முனிசாமி, அவர் தன் அப்பா பெயரை மகனுக்கு வைத்து கோவிந்தசாமி, அந்த கோவிந்தசாமியின் மகன் மறுபடி முனிசாமி. தாத்தாவும் 'கோவிந்தசாமி மகன் முனிசாமி', பேரனும் 'கோவிந்தசாமி மகன் முனிசாமி'. நடுவில் ஒரு தலைமுறையே காகிதத்தில் விழுங்கப்பட்டிருக்கிறது. விசாரித்தால் தாத்தாவுக்கு ஒரு பெண்ணும் உண்டு, குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்தது. அவர் சுயமாக வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் செத்திருக்கிறார், பெண்ணுக்கும் பங்கு உண்டு. அந்த அம்மாவின் கையெழுத்து எதிலும் இல்லை. அட்வான்ஸைத் திரும்ப வாங்க அந்த பார்ட்டி நாலு மாசம் நடந்தார். அத்தனை நாளும் என்னை எங்கே பார்த்தாலும் "க்ளீன் சார்" என்றுதான் கூப்பிட்டார்.

பத்திரத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எவனும் பார்ப்பான். யார் போடவில்லை என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். நாமெல்லாம் தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஊரைக் கேலி பேசியே வளர்ந்தவர்கள், இல்லாததை எண்ணுவது நமக்குப் புதிதில்லை. (சாமி 1981ல் கோயிலுக்கு வந்துவிட்டார். பாலாறுதான் அவ்வப்போது தலைகாட்டிவிட்டுப் போகிறது.)

இதே குணம் இருக்கிற கேம்களைத்தான் நான் நல்ல கேம் என்கிறேன். 2015ல் வந்த 'ஹெர் ஸ்டோரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாம் பார்லோ செய்தது. 1994ல் கணவன் காணாமல் போன வழக்கில் ஒரு பெண்ணிடம் ஏழு முறை நடந்த போலீஸ் விசாரணை, துண்டு துண்டான வீடியோவாகக் கிடக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு தேடல் கட்டம் மட்டும். ஒரு சொல்லை அடித்தால் அந்தப் பெண் அந்தச் சொல்லைப் பேசிய துண்டுகள் வரும், அதிலும் முதல் ஐந்துதான் காட்டும். ஆறாவதைப் பார்க்க வேறு நல்ல சொல் கண்டுபிடிக்கவேண்டும். பார்ப்பதற்கு வீடியோ கேம், உள்ளுக்குள் சுத்தமான எழுத்து விளையாட்டு. கேள்வியே கிடையாது. போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம்.

'கோல்டன் ஐடல்' என்று 2022ல் வந்த ஒன்று வேறு மாதிரி. காட்சியிலிருந்து சொற்களைப் பொறுக்கி, கோடிட்ட இடத்தில் போட்டு நடந்ததை முழு வாக்கியமாக ஆக்கவேண்டும். கோடிட்ட இடம் என்றதும் நான் முகம் சுளித்தேன், அதுவும் ஒருவகைப் பரீட்சைதானே. ஆனால் அது தப்பு எங்கே என்று காட்டாது. கடைசியில் வந்து நின்றால் 'இரண்டோ அதற்குக் குறைவோ தப்பு' என்று மட்டும் சொல்லும். அப்படியே எங்கள் பெரியவர். ஓப்ரா டின்னும் மூன்று பேர் விவரம் முழுசாகச் சரியானால்தான் வாய் திறக்கும், குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத் தேற முடியாது.

பழையவற்றையும் பையன் காட்டினான். 1976ல் வில் க்ரௌதர் எழுதிய குகை விளையாட்டில் படமே கிடையாது. மனுஷன் நிஜத்திலேயே குகை குகையாக நுழைந்து வரைபடம் போட்டவர். கென்டக்கியில் தான் நடந்த குகையையே எழுத்தாக்கி உள்ளே விட்டார், மறு வருஷம் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். வடக்கே போ, விளக்கை எடு என்று இரண்டு சொல்லில் கட்டளை. ஆடுகிறவர்கள் காகிதத்தில் படம் வரைந்துகொண்டே போவார்களாம். இது எனக்கு விளையாட்டாகவே தெரியவில்லை, தினப்படி வேலையாகத்தான் தெரிந்தது. பத்திரத்தில் எல்லை எப்படி எழுதுவோம்? "ஓடைக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு, இதன் மத்தியில்." புதுப் பையன்கள் எல்லாரும் ஓடையைத் தெற்கே வரைவார்கள். நிலம்தான் ஓடைக்குத் தெற்கே இருக்கிறது, ஓடை வடக்கே! எழுத்தை வைத்து நிலத்தைக் கட்டுகிற இந்த வித்தையில் தடுக்கி விழாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது.

1982ல் 'டெட்லைன்' என்று ஒன்று. பூட்டிய அறைக்குள் பணக்காரர் செத்துக் கிடக்கிறார், கதைக்குள் ஓடுகிற கடிகாரத்தில் உங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எழுத வேண்டியதெல்லாம் டிஸ்கில் இடம் பிடிக்கவில்லை என்று, வாக்குமூலம், லேப் ரிப்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் பெட்டிக்குள் காகிதமாகவும் பொருளாகவும் வைத்துக் கொடுத்தார்களாம். இடப் பற்றாக்குறையில் வந்த யோசனை, ஆனால் அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. மூலப்பத்திரம் கையில் இருக்கிற சுகம் ஜெராக்ஸில் வராது.

எல்லாம் இங்கிலீஷில் இருப்பதுதான் குறை. அகராதியை வைத்துக்கொண்டு கொலையைக் கண்டுபிடிப்பது, கண்ணாடி போடாமல் பட்டா பார்ப்பது மாதிரி. தமிழில் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று பையனோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். முதல் சண்டை, கேம் என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில். இங்கிலீஷ்காரனுக்கு ஒரே சொல், தொல்லையில்லை. தமிழில் "நீ ஒரு இருட்டறையில் நிற்கிறாய்" என்றால் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரிப்பது போல இருக்கிறது. "நீங்கள் நிற்கிறீர்கள்" என்றால் ஏடிஎம் மெஷின் பேசுவது போல இருக்கிறது. இன்னும் தீரவில்லை இந்தச் சண்டை.

கட்டளை அடிப்பதில் மட்டும் நமக்கு ஒரு வசதி உண்டு. "சாவியால் பெட்டியைத் திற" என்றாலும் "பெட்டியைச் சாவியால் திற" என்றாலும் எது கருவி, எது பொருள் என்று வேற்றுமை உருபே சொல்லிவிடும், சொல் எங்கே நின்றாலும் கவலையில்லை. ஆனால் நம் ஆட்கள் "பெட்டிய தொற" என்றுதான் அடிப்பார்கள். அதைப் புரியவைப்பது உன் பாடு என்று பையனிடம் விட்டுவிட்டேன்.

மென்பொருள் அவன் வேலை, முடிச்சு என் வேலை. ஆறு காகிதம் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மூன்று கிரயம், ஒரு தான செட்டில்மென்ட், ஒரு வாரிசுச் சான்று, ஒரு மரண விளம்பரம். எல்லாம் கற்பனை ஊர், கற்பனைக் குடும்பம். அதில் ஒன்று போலி. போலி இருக்கிறது என்றுகூட அவனிடம் சொல்லவில்லை. 1978 தேதி போட்ட பத்திரத்தின் தலைப்பில் சாதாரணமாக 'வேலூர் மாவட்டம்' என்று எழுதிவைத்தேன், அவ்வளவுதான். 1989ல் பிரிக்கிற வரை எல்லாமே வட ஆற்காடு, வேலூர் என்ற பெயர் மாவட்டத்துக்கு வந்ததே அதற்குப் பிறகு. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போனதை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று ஏன் தோன்றப்போகிறது?

முதல் வாரம் முழுக் குடும்ப மரத்தையும் வரைந்து அனுப்பினான். "ரெண்டு தப்பு" என்று மட்டும் பதில் போட்டேன். அடுத்த வாரம் ஒன்றைச் சரி செய்துவிட்டான். நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஃபோன். "மாமா, தாத்தா கிட்ட ஒண்ணு கேக்கணும், முழிச்சிருக்காரா?"

"என்னடா கேக்கணும்?"

"அவர் சின்ன வயசுல லெட்டர் எழுதுறப்ப, ஊர் பேருக்குக் கீழ என்ன ஜில்லா போடுவாருன்னு."

அப்பா தூங்கியிருந்தார். எழுப்பிவிட்டேன்.