தும்பையைப் பிடுங்கிவிட்டுப் புல்தரை போட்டிருக்கிறார்கள்

சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் சுற்றுச்சுவர் ஓரத்தில் தானாக வளர்ந்திருந்த தும்பை, எருக்கு, ஆவாரை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கேட்டால் பூச்சி வருமாம், பாம்பு வருமாம், வீடு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். அந்த இடத்தில் இப்போது கொரியன் புல், குரோட்டன்ஸ், மீதி முழுக்க பேவர் பிளாக். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி அந்தப் புல்லுக்கு ஊற்றுகிறார்கள். வயிறு எரிகிறது.

பூச்சி வரட்டுமே சார்! எருக்கிலையைத் தின்றுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும். குரோட்டன்ஸ் இலையை அது சீண்டக்கூடச் சீண்டாது. புழுவுக்கு இலை இல்லாமல் வண்ணத்துப்பூச்சி மட்டும் எங்கிருந்து வரும்?

இதில் எனக்கு ஆத்திரம் தாங்காதது என்னவென்றால், பிடுங்கச் சொன்ன அதே ஆட்கள்தான் மாடித்தோட்டத்தில் பூசணிப்பிஞ்சு வெம்பி விழுகிறது, என்ன உரம் போடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உரம்தானா? பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, விடியலில் விரிந்து மதியத்துக்குள் கூம்பிவிடும், அதற்குள் ஒரு தேனீ இரண்டுக்கும் போய்வராவிட்டால் எந்த உரம் போட்டும் பிஞ்சு நிற்காது. கத்தரிப் பூ இன்னும் அழுத்தமானது. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். நீல வரித் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை 'ஙொய்ய்ய்' என்று அதிர வைத்து அந்தத் துளை வழியாக மகரந்தத்தை உதிர்க்கும். பக்கத்தில் நின்றால் சத்தமே கேட்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வேலை தெரியாது. இந்த நீல வரித் தேனீயோ மண்ணில் பொந்து போட்டு முட்டையிடுகிற உயிர், தரை முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டால் அது எங்கே போகும்? போதாக்குறைக்கு மாதாமாதம் பூச்சிமருந்து வேறு, அதுவும் பூக்கள் விரிந்திருக்கிற காலை நேரத்தில்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு பேவர் பிளாக்கைப் பெயர்த்து எடுங்கள். தும்பையும் துளசியும் ஆவாரையும் வெட்சியும் நொச்சியும் வைப்போம், வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். நாற்று நான் கொண்டுவருகிறேன். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறேன், பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து உட்காருங்கள். அதுவரை மருந்து டேங்க்கோடு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது.