பெருவீக்கமும் பால்வீதியின் தூசும்

பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், பெருவெடிப்பையும், பேரண்டம் தன் முதல் கணத்தில் திடீரென வீங்கிப் பெருத்தது என்னும் பெருவீக்கத்தையும் ஒரே அளவுக்கு உறுதிப்பட்டவை போலச் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. பேரண்டம் கடும் வெப்பநிலையிலிருந்து விரிந்து குளிர்ந்தது என்பதற்கு, பென்சியாசும் வில்சனும் 1964-இல் நியூ ஜெர்சியில் கண்டறிந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது அந்த ஆதிச் சூட்டின் எச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சு, வலுவான சாட்சி. பெருவீக்கத்துக்கு அத்தகைய சாட்சி இன்னும் கிடைக்கவில்லை.

பெருவீக்கக் கருத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வானத்தின் ஒரு கோடியிலிருந்து வரும் கதிர்வீச்சும் எதிர்க்கோடியிலிருந்து வருவதும் 2.725 கெல்வின் என்ற ஒரே வெப்பநிலையைக் காட்டுகின்றன. ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. வழக்கமான விரிவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பேரண்டத்துக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதாகி அந்தக் கதிர்வீச்சு புறப்பட்டபோது, அவ்விரு பகுதிகளுக்கும் இடையே ஒளிகூடப் போய்வந்திருக்க முடியாது. ஒட்டுறவே இல்லாத இரண்டு இடங்களில் சூடு எப்படி ஒன்றாயிற்று? மிக நுண்ணிய ஒரு பகுதியில் சூடு முதலில் சமமாகி, பிறகு அப்பகுதி வினாடியின் மிகச் சிறு பின்னத்துக்குள் பேரளவுக்கு வீங்கியது என்று இயற்பியலாளர் ஆலன் கூத் 1979 டிசம்பரில் விடை கண்டார். அவருடைய மாதிரியில் இருந்த குறையை லிண்டே, ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் 1982-இல் சரிசெய்தார்கள்.

வீக்கம் நிகழ்ந்திருந்தால் வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலைகள் எழுந்து, அந்தப் பின்னணிக் கதிர்வீச்சில் சுழல்வடிவத் தடம் ஒன்றைப் பதித்திருக்க வேண்டும். தென்துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கி அதைக் கண்டுவிட்டதாக 2014 மார்ச் 17 அன்று அறிவிப்பு வந்தது. ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர் லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லும் காணொளியை நானும் நெகிழ்ந்துபோய்ப் பகிர்ந்தேன். அழகாக இருப்பதனாலேயே இதை நம்புகிறேனோ என்ற கவலையை லிண்டே அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலேயே வெளியிட்டது, பின்னர் மறுபடி பார்த்தபோதுதான் என் மனத்தில் தைத்தது.

பைசெப்2 பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். நமது பால்வீதியின் தூசும் அதே போன்ற தடத்தைத் தரக்கூடியது. ஒரே அலைவரிசையை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிவது கடினம். தூசு பன்மடங்கு பிரகாசமாகத் தெரியும் 353 கிகாஹெர்ட்ஸில் பிளாங்க் விண்கலம் எடுத்த அளவீடுகளை 2015-இல் சேர்த்து ஆராய்ந்தபோது, ஈர்ப்பலைத் தடம் என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆய்வறிக்கையில் பைசெப்2 குழுவினரும் கையெழுத்திட்டார்கள். அறிவித்தவர்களே முன்வந்து செய்த அந்தத் திருத்தத்தை, அறிவிப்புக்குத் தந்த அதே இடத்தில் நம் இதழ்கள் வெளியிட்டிருக்க வேண்டும்.

பெருவீக்கத்தை வளர்த்தெடுத்த ஸ்டைன்ஹார்ட்டே இன்று அதன் கடுமையான விமர்சகர். எந்த முடிவுக்கும் வளைந்துகொடுக்கும் கோட்பாட்டை எப்படிச் சோதிப்பது என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் எல்லா மாதிரிகளும் அப்படித் தப்பிவிடுவதில்லை. தென்துருவக் குழு 95, 220 கிகாஹெர்ட்ஸ் அளவீடுகளையும் சேர்த்துக்கொண்டு 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, ஈர்ப்பலைத் தடத்தின் வலிமையைக் குறிக்கும் எண் 0.036-ஐத் தாண்டாது, 2014-இல் சொல்லப்பட்டதோ 0.2. இந்த வரம்புக்கு வெளியே தள்ளப்பட்ட மாதிரிகளில், லிண்டே 1983-இல் முன்வைத்த பெருவீக்கக் கருத்தின் மிக எளிய வடிவமும் ஒன்று.