தம்பிக்கு எந்த ஊரு?

நாங்குநேரி தாண்டி, ஊருக்குள் சாலை பிரியும் ஒரு விலக்கில் பைக் பஞ்சர். மணி ஏழு இருக்கும், நன்றாக இருட்டிவிட்டது. ஒரு டீக்கடை, கம்பிக் கூண்டுக்குள் ஒரு தலைவர் சிலை, பாலத்துக் கட்டையில் நான்கு பையன்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் வந்ததும் அவர்கள் பேச்சு நின்றுவிட்டது.

பெஞ்சில் இருந்த அண்ணாச்சி ஒருவர் கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு?" திருநெல்வேலி என்றேன். "திருநெல்வேலின்னா எங்கன?" டவுன். "டவுன்ல எந்தத் தெரு?" அவர் கேட்பது முகவரி இல்லை என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழுப்பினேன். "சரி, குலசாமி எது?" சாஸ்தா என்றேன், இங்கே பல சாதிக்கும் சாஸ்தா உண்டு, தப்பித்தோம் என்று பார்த்தால் மனுஷன் சிரித்துக்கொண்டே "எந்த சாஸ்தா?" என்கிறார். அதற்குள் ஒரு பையன் என் மணிக்கட்டையே பார்க்கிறான். அம்மா கோயிலில் கட்டிவிட்ட கயிறு. எங்கள் பக்கம் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும். அது என்ன நிறம் என்று அன்றுதான் யோசித்தேன், கை தானாக பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

2023 ஆகஸ்டில் இதே நாங்குநேரியில்தான் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கு வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது என்று 2024இல் சொன்னபோது எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! கயிற்றில் என்ன இருக்கிறது என்பவர்கள் அந்த விலக்கில் இருட்டின பிறகு பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த கட்டபொம்மன் காலத்துப் போராளி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே தெற்கே கலவரம் வெடித்து, கடைசியில் எல்லாக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது.

அப்புறம் அந்த அண்ணாச்சியே போன் போட்டுப் பஞ்சர் ஒட்டும் ஆளை வரவழைத்தார், டீக்கும் அவரே காசு கொடுத்தார். "போன மாசம் தெரியாத பைக் ஒண்ணு வந்துச்சு தம்பி, அதான்" என்றார். மேலே நான் கேட்கவில்லை. அவர் பயம் நிஜம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டவுனில் வேறு ஒரு தெருவின் பெயர் என் வாயில் வந்திருந்தால் அந்த போன் போயிருக்குமா? (நான் எந்தத் தெரு என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள், நீங்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.)

வீட்டுக்கு வந்து நண்பனிடம் சொன்னேன். எம்.எஸ்சி. படித்தவன். முழுசாகக் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அது அவங்க ஊராச்சே, அங்க ஏன்டா நின்ன?"