பள்ளியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள்

மும்பையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொலி இதற்குள் உங்களில் பலருக்கு வந்து சேர்ந்திருக்கும். நடந்ததை முழுதாக விவரிக்கப் போவதில்லை. "மாநகராட்சிப் பள்ளிகளைத் தனியாரிடம் ஒப்படைத்தால்தான் நம் பிள்ளைகளுக்கு விடிவுகாலம்" என்று மேடையில் இருந்தவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க எழுந்தேன். "உணர்ச்சிவசப்படாதீர்கள் அம்மா, நேரமில்லை" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

அங்கே கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன். கொடுப்பதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். அந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரைக் கேளுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது?

கேட்பதற்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. தாராவியில் வீட்டுவேலை செய்கிற, அப்பளம் இடுகிற பெண்கள் இந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். மேடையில் பேசியவர் அவர்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு வந்தாரா?

ஆய்வு என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆந்திரத்தில் 2008-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள். கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டு தனியார் பள்ளிகளில் படிக்கவைத்தார்கள். கடைசியில் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட முந்தவில்லை. இந்தியில் முந்தினார்கள், தனியார் பள்ளிகள் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தன. சீருடையும் கழுத்துப்பட்டியும் மாறியதால் கணக்கு தானாக வந்துவிடவில்லை.

உடனே ஒருவர் வருவார்: "அதே ஆய்வு தனியாருக்குச் செலவு குறைவு என்றும் சொல்கிறதே?" ஆம், சொல்கிறது. செலவு எங்கே குறைகிறது என்றும் படியுங்கள். ஆசிரியர் சம்பளத்தில் குறைகிறது. பட்டம் பெற்ற பெண்ணுக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்து மிச்சம் பிடிப்பதைத் திறமை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

"சேர்க்கை குறைகிறதே, பெற்றோரே ஓடுகிறார்களே" என்பது அடுத்தது. மும்பை மாநகராட்சியின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பிரஜா அறக்கட்டளையின் ஆண்டறிக்கைகளை நானும் படிக்கிறேன். தமிழ் வழி வகுப்புகள் காலியாகி வருவது கண்ணெதிரே தெரிகிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே மும்பையில் 2020-இலிருந்து மாநகராட்சி தானே ஐ.சி.எஸ்.இ., சி.பி.எஸ்.இ. பள்ளிகளைத் தொடங்கியபோது நடந்ததையும் சொல்லுங்கள். இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாகிக் குலுக்கல் நடத்திச் சேர்த்தார்கள். மாநகராட்சி நடத்துகிறது என்பதற்காக எந்தப் பெற்றோரும் ஓடவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்து ஓடினார்கள். ஆசிரியரை நியமிக்காமல் வைத்திருந்துவிட்டு, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று மேடையேறிப் பேசுவது அடுக்குமா?

இது நேற்று கிளம்பிய பேச்சும் இல்லை. 2013-லேயே நம் மாநகராட்சி தன் பள்ளிகளைத் தனியார் பங்கேற்போடு நடத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. 2017-இல் ஒன்றிய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக், பிள்ளைகள் குறைந்துபோன அரசுப் பள்ளிகளைத் தனியாரிடம் விடும் யோசனையைத் தன் மூன்றாண்டுத் திட்டத்தில் எழுதியது. 2023-இல் மாநில அரசு பள்ளித் தத்தெடுப்புத் திட்டத்தை அறிவித்தது. பெரிய மாநகராட்சிகளின் பள்ளிக்கு 10 ஆண்டுகளுக்கு 3 கோடி ரூபாய் மதிப்பில் பொருளோ சேவையோ கொடுத்தால் பள்ளிப் பெயரோடு கொடையாளர் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் பூலே பாடம் சொல்லிக்கொடுத்த மாநிலத்தில் பள்ளியின் பெயர்ப்பலகைக்கு விலை வைத்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். 2024 பிப்ரவரியில் இங்கே விதியை மாற்றினார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தர வேண்டியதில்லை என்றார்கள். ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. எங்கள் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னால், பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறது, அங்கே போ என்பார்கள். அந்த அரசுப் பள்ளியையும் தனியாரிடமே கொடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?

என் கதையைச் சொன்னால் மறுபடியும் உணர்ச்சி என்பீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன். தாராவியில் தோல் பதனிடும் தொழில் நொடித்தபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா இட்லி வியாபாரம் தொடங்கினார். விடியற்காலையில் எழுந்து சட்னி அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. அதன்பின் பள்ளிக்குப் போக உடம்பில் தெம்பிருக்காது. மெல்ல மெல்ல நின்றேவிட்டேன். ஒருநாள் வகுப்பாசிரியை எங்கள் சந்துக்குள் சாக்கடையைத் தாண்டித் தாண்டி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார இடமில்லாமல் அரிசி டின்மேல் அமர்ந்து அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "முதல் பாடவேளை போனால் போகட்டும் அக்கா, இரண்டாவதற்கு அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஆண்டு முழுவதும் நான் தாமதமாகத்தான் போனேன். ஒருநாள்கூட வாசலில் நிறுத்தவில்லை; விட்டுப்போன பாடத்தை மதிய இடைவேளையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இது எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் வரும்? தேர்ச்சி விகிதம் காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும் என்றிருக்கும் நிறுவனம், பாதி நாள் வராத பிள்ளையைத் தேடிச் சந்துக்குள் வருமா? பெயரை அடித்துவிட்டால் விகிதம் தானே உயர்ந்துவிடுமே!

"எல்லா ஆசிரியரும் அப்படியா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். வகுப்புக்கே வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் நடவடிக்கை எடுங்கள், யார் தடுத்தது? தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று ஆசிரியர்களை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போவதையும் அதே மூச்சில் பேசுங்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று, கல்வியை ஆராய அரசு அமைத்த கோத்தாரிக் குழு 1966-இல் சொன்னது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே திரும்ப எழுதியிருக்கிறது. இந்த நாடு ஒருமுறைகூட அதை எட்டியதில்லை.

"உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது?" என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு: என் தங்கை மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மழைக்கோட்டும் பையும் பள்ளி கொடுத்தவை. இந்தக் கேள்வியை மேடையில் இருந்தவர்களிடம் கேட்டிருக்கிறாயா? அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமே சொன்னது. சொன்னதோடு சரி.

எனக்கு வலித்தது பேச்சைவிட அந்தக் கைதட்டல். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். தாராவியின் லேபர் கேம்ப்பிலும் 90 அடி சாலையிலும் வளர்ந்து, இப்போது முலுண்டிலும் நவி மும்பையிலும் வீடு வாங்கியவர்கள். நல்லது, வாழட்டும். அந்தப் பள்ளி இவர்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி, தமிழிலும் ஒரு வகுப்பைத் திறந்து வைத்ததால்தான் இட்லிக்காரி மகளும் தோல்ஷாப் தொழிலாளி மகனும் எழுத்துக் கூட்டக் கற்றார்கள். ஏறி முடித்ததும் ஏணியை விலைபேச இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

திங்கட்கிழமை, தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில் தகவல் உரிமை மனு கொடுக்கிறேன். 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். தாராவிப் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எத்தனை பள்ளிகள் தனியார் அமைப்புகளின் கையில் இருக்கின்றன, ஒப்பந்த நகல் எங்கே கிடைக்கும், கையெழுத்திடும் முன் மேலாண்மைக் குழுவைக் கேட்டார்களா என்று எழுதியிருக்கிறேன். சேர்க்க வேண்டிய கேள்வி ஏதாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை அங்கே படிக்கவைக்கும் அம்மாக்கள் எழுதினால் அதை முதல் கேள்வியாக வைக்கிறேன்.