பக்கத்தில் ஆள் இருந்தால்தான் ரிமோட்டாம்!

சித்தப்பாவின் தக்காளி மண்டி பாலக்கோட்டில் இருக்கிறது. நான் இருப்பது தருமபுரி டவுனில். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பி, மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். கூடவே குடும்பத்தில் எனக்கிருந்த ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ என்ற பெயரும் போய்விட்டது.

ஆரம்பத் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். மண்டியில் இருந்த பழைய டெஸ்க்டாப்பைக் காலையில் ஆன் செய்தால், டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் கண் திறக்கும். ‘லினக்ஸ் போட்டுத் தரேன் சித்தப்பா, லைசென்ஸ் காசு கிடையாது, வைரஸ் தொல்லை இருக்காது’ என்று வாயைக் கொடுத்தேன். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் உபுண்டு 22.04 என்ற வகையைப் போட்டேன். லிப்ரே ஆஃபீஸில் கணக்கு ஷீட்டும் அமைத்துக் கொடுத்தேன். யார் எத்தனை கிரேட் கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக, இறக்குக் கூலி போக கையில் எவ்வளவு, எல்லாம் அதிலேயே வந்துவிடும். நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் ஒரு நாள் காலை ஏலம் நடக்கிற நேரத்தில் ஃபோன். ‘டேய், கமிஷன் கட்டத்துல காசு வரலடா, வேலி கட்டுன மாதிரி கோடு கோடா வருது.’ விஷயம் ஒன்றுமில்லை. எண் பெரிதாகிவிட்டது, கட்டத்தின் அகலம் போதவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. அதை ஃபோனில் புரியவைக்க எனக்கு 20 நிமிஷம் ஆனது. ‘எந்த ஓரம்டா?’ ‘மேல ஏ, பி, சின்னு இருக்கே, அங்க.’ ‘இங்க வி தான் இருக்கு.’ பின்னால் ஏலம் விடுகிறவர் கத்துகிறார், பில்லுக்காக நிற்கும் விவசாயிகள் அதைவிடக் கத்துகிறார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனிமேல் அந்தத் திரையை இங்கிருந்தே பார்த்துவிட வேண்டும் என்று.

செட்டிங்ஸில் ‘ஷேரிங்’ பகுதிக்குப் போனால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. தட்டினேன். திரையை அனுப்பும் முறைக்கு ஆர்டிபி என்று பெயர், அதற்கான வாசல் எண் (போர்ட்) 3389, ஒரு பாஸ்வேர்டு. மண்டியிலேயே வைத்து என் லேப்டாப்பில் தூரத்துத் திரையைக் காட்டும் ரெமினா புரோகிராமைத் திறந்து பார்த்தேன், திரை பளிச்சென்று வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலிருந்து முயன்றால் ‘இணைக்க முடியவில்லை’.

ஏன் என்று சொல்லாது. போர்ட் மூடியிருந்தாலும் அதே வாக்கியம், மெஷின் தூங்கினாலும் அதே வாக்கியம். வெளியிலிருந்து வருவதை அந்த மெஷினுக்குத் திருப்பிவிட மண்டி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுப் பார்த்தேன், அதே. கடைசியில் ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரியைப் பார்த்தால் 100.80 என்று ஆரம்பிக்கிறது. 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கும் முகவரிகள், இன்டர்நெட் கம்பெனி தன் வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைப்பதற்கென்று ஒதுக்கியவை. ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண் கொடுத்தால் தபால்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? நம் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து எதுவும் அங்கே வந்து சேராது. கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் கேட்டேன். ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்றார்.

இதற்கு டெயில்ஸ்கேல் போட்டேன். வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு முறையை வைத்து இரண்டு மெஷினுக்கும் நடுவே தனிப் பாதை போட்டுத் தருவது. பத்தே நிமிஷத்தில் ஓடியது. இந்தக் கதையில் சொன்ன சொல் தவறாத ஒரே ஆசாமி அதுதான். மீதி எல்லாவற்றின் மேலும் எனக்குக் கெட்ட கோபம்.

சித்தப்பா சாப்பிடப் போவார், திரை லாக் ஆகும். லாக் ஆனால் என் இணைப்பும் அறுந்துவிடும். உபுண்டு 22.04-ல் வரும் ஷேரிங் அப்படித்தான், எதிரே ஒருவர் திறந்து வைத்திருக்கும் திரையை மட்டும்தான் காட்டும். சரி, லாக் ஆகாமல் வைத்தேன். மறுநாள் கரண்ட் போய் வந்தது. மெஷின் லாகின் திரையில் போய் நிற்கிறது. யாராவது லாகின் செய்யும்வரை ஷேரிங் எழுந்திருக்காது. சரி, ஆட்டோ லாகின் போட்டேன். அப்போது என்ன ஆகிறது தெரியுமா? ரிமோட் பாஸ்வேர்டு ‘கீரிங்’ என்ற பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டி திறப்பது நாம் லாகின் பாஸ்வேர்டு அடிக்கும்போது. ஆட்டோ லாகினில் யாரும் எதுவும் அடிக்கவில்லை, அதனால் பெட்டி திறக்காது. திறக்க பாஸ்வேர்டு கொடு என்று திரையில் ஒரு ஜன்னல் வந்து நிற்கும். எந்தத் திரையில்? பாலக்கோட்டுத் திரையில்!

இதுதான் என் வயிற்றெரிச்சல். தூரத்தில் இருப்பவனுக்காக ஒரு ஏற்பாடு செய்கிறார்கள், அதன் ஒவ்வொரு கேள்வியையும் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறார்கள். விவரம் தெரிந்த ஆள் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்கு எதற்கய்யா ரிமோட்டு? கீரிங் பாஸ்வேர்டையே காலியாக வைத்துவிடு என்று ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். திருடன் வருவான் என்று பூட்டு வாங்கி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுகிற வைத்தியம்.

அடுத்த ஞாயிறு எக்ஸ்ஆர்டிபி, அதே ஆர்டிபி முறையில் ஓடும் இன்னொரு புரோகிராம். முதலில் அது எழுந்திருக்கவே இல்லை, ஏனென்றால் பழைய ஷேரிங் அதே 3389-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அணைத்தேன். லாகின் திரை வந்தது, பாஸ்வேர்டு ஏற்றது, அப்புறம் ஒரே கறுப்பு. அமாவாசைக் கறுப்பு. நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால் லாகின் வெற்றி என்று எழுதியிருக்கிறது. யாருக்கு வெற்றி? ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு செஷன் ஓடுகிறது, அதே ஆளுக்கு இரண்டாவது டெஸ்க்டாப் திறக்க முடியாமல் உள்ளே விழுந்துவிடுகிறது. அங்கே லாக் அவுட் செய்தால் இங்கே வரும். செய்தேன், வந்தது. வந்தவுடன் இன்னொரு ஜன்னல்: கலர் மேனேஜ்டு டிவைஸ் உருவாக்க அனுமதி வேண்டுமாம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டுமாம். நான் தக்காளி பில் பார்க்க வந்தவன். எனக்குத் தெரிய வேண்டிய ஒரே கலர் காயா பழமா என்பதுதான், அதையும் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதில்லை.

அதையும் தாண்டினால், இது எனக்கென்று புதிதாகத் திறந்த தனி டெஸ்க்டாப். சித்தப்பா முன்னால் இருப்பது எதுவும் இதில் தெரியாது. அவர் பார்க்கும் கட்டத்தை நானும் பார்க்கத்தானே இத்தனை பாடு?

இந்த இடத்தில் ஒரு கூட்டம் வரும். ‘எதுக்கு டெஸ்க்டாப், எஸ்எஸ்ஹெச் போதாதா?’ கட்டளைகளை எழுத்தில் அடித்தே தூரத்து மெஷினை இயக்கும் வழி அது. எஸ்எஸ்ஹெச் நன்றாகவே போகிறது, ஐயா. 22-ம் போர்ட்டில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. எழுத்து எழுத்தாக அந்த மெஷினை என்ன வேண்டுமானாலும் செய்வேன். ஆனால் சித்தப்பா பார்க்கிற வேலியைக் கறுப்புத் திரையிலிருந்து பிடித்து இழுக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பாலக்கோட்டுக்கு வாருங்கள், தக்காளி இலவசம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தூரத்துத் திரை இந்த லினக்ஸ்காரர்களுக்குப் புது விஷயமே இல்லை. திரையில் ஜன்னல்களை வரைந்து காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் எம்ஐடியில் பிறந்தது 1984-ல், எக்ஸ்11 வந்தது 1987-ல். ஒரு மெஷினில் ஓடும் புரோகிராமின் ஜன்னலை நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினில் திறப்பது அதன் பிறவிக் குணம். ஆனால் அதில் எந்த புரோகிராமும் இன்னொரு புரோகிராமின் திரையை எட்டிப் பார்க்கலாம், அடிக்கும் பாஸ்வேர்டை ஒட்டுக் கேட்கலாம். எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் ஆரம்பித்த வேலண்ட் அந்த ஓட்டையை அடைத்தது. யாராவது திரையைப் பார்க்க வேண்டுமென்றால் முறையாக அனுமதி கேட்டு வர வேண்டும். நியாயம்தான், மறுக்கவில்லை. ஓட்டையை அடைத்தவர்கள் வாசற்கதவு வைக்க இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் ஆத்திரம். யாரும் லாகின் செய்யாத மெஷினுக்குள் தூரத்திலிருந்து நுழையும் வசதி உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் 46-ம் பதிப்பில், 2024-ல்தான் வந்தது.

மூன்றாவது ஞாயிறு பாலக்கோட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். லாகின் திரையை நடத்தும் ஜிடிஎம்3-க்கு கஸ்டம் டாட் கான்ஃப் என்று ஒரு செட்டிங்ஸ் ஃபைல், அதில் வேலண்ட் வேண்டாம் என்று ஒரு வரி இருக்கிறது, முன்னால் ஹேஷ் (#) போட்டு அதைத் தூங்க வைத்திருக்கிறார்கள். அந்த ஹேஷை எடுத்தேன். பழைய எக்ஸ் திரும்ப வந்தது. எக்ஸ் திரையை அப்படியே தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்11விஎன்சி போட்டேன், சித்தப்பா பார்க்கும் அதே திரை, அதே கட்டம். பாஸ்வேர்டு நீளமாக வைத்தேன், அப்புறம் பார்த்தால் பழைய விஎன்சி முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்காம், மீதியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. திரைப் படம் போகும் பாதைக்கும் பூட்டு கிடையாது. அதனால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மட்டும் போர்ட் 5900-ல் ஓடவிட்டு, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகப் போனேன். அசிங்கமான வேலை, ஆனால் ஓடியது. பதினோரு நாள் ஓடியது. கட்டத்தை வீட்டிலிருந்தே இழுத்துவிட்டபோது ‘யார்றா அது, தானா நகருது!’ என்று சித்தப்பா ஃபோனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று மண்டிப் பையன் கூப்பிட்டான். ‘அண்ணா, புது வெர்ஷன் வந்திருக்கு, அப்கிரேடு பண்ணவான்னு கேட்டுச்சு. சரின்னு குடுத்தேன்.’

‘சரி, நடுவுல ஏதாவது கேட்டுச்சா?’

‘ஏதோ கஸ்டம்னு ஒரு ஃபைலாம், பழசையே வச்சுக்கவா, புதுசை மாத்தவான்னு கேட்டுச்சு. புதுசுதானேண்ணா நல்லாருக்கும், மாத்துன்னு குடுத்துட்டேன்.’

எஸ்எஸ்ஹெச்சில் போய் அந்த ஹேஷை மறுபடியும் எடுக்க வேண்டும். காலையிலிருந்து பாலக்கோட்டில் கரண்ட் இல்லையாம்.